டவர் ஹாம்லெட்ஸ் ஜி.பி.க்களும் ஓயாத மறுசீரமைப்பும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2012 பிப்ரவரி கடைசியில் கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் பகுதி ஜி.பி.க்களின், அதாவது குடும்ப டாக்டர்களின் குழு, பிரதமர் டேவிட் கேமரூனுக்கு ஒரு கடிதம் போட்டது. நாடாளுமன்றத்தில் ஒரு வருடத்துக்கும் மேலாக இழுபறியில் கிடந்த சுகாதார மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்பதுதான் விஷயம். பிரிட்டனில் டாக்டர்கள் அரசாங்கத்தோடு மல்லுக்கு நிற்பது என்.எச்.எஸ். என்ற அரசு இலவச மருத்துவச் சேவை பிறந்த 1948க்கு முன்பிருந்தே நடக்கிற கதை, அதனால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால், அந்த மசோதா வந்ததே ஜி.பி.க்களின் கையில் பணத்தையும் அதிகாரத்தையும் கொடுக்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான். அதிலும் கடிதம் எழுதிய குழுவின் தலைவர் சாம் எவரிங்டன் வேலை பார்த்த பிராம்லி-பை-போ மையம் இருக்கிறதே, அங்கேதான் 2010 ஜூன் 8 அன்று ஆண்ட்ரூ லான்ஸ்லி சுகாதார அமைச்சராகத் தன் முதல் உரையை ஆற்றினார். ஜி.பி.க்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாக அமைச்சர் தேடிப்பிடித்த இடம் அது. இரண்டு வருடம் கழித்து அதே இடத்திலிருந்து வந்த பதில், தயவுசெய்து வேண்டாம்.

இந்த முரணை வைத்துத்தான் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர் அரசியலைப் பார்க்கப் போகிறோம். என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 1999லிருந்து ஒவ்வொரு மறுசீரமைப்பிலும் ஜி.பி.க்களுக்கு உள்ளூர்க் குழுவில் நாற்காலி கிடைத்தது, ஆனால் அவர்கள் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஒப்பந்தம் எப்போதும் வேறொருவர் மேசையில் இருந்தது. டவர் ஹாம்லெட்ஸில் உருப்படியாக நடந்த வேலை, யார் நாற்காலியில் இருந்தார் என்பதால் நடக்கவில்லை. ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருந்தவர்களும் டாக்டர்களும் சில வருடங்கள் யாரும் தொந்தரவு செய்யாமல் ஒரே எல்லைக்குள் இருந்ததால் நடந்தது.

ஜி.பி. யாருடைய ஆள்?

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் அரசு ஊழியர். சம்பளம், இடமாற்றம், பென்ஷன் எல்லாம் அரசாங்கத்தோடு. இங்கிலாந்து ஜி.பி. அப்படி இல்லை. ஆளுக்கொரு ஜி.பி., அவர் லிஸ்டில் பெயர், கையிலிருந்து ஒரு பென்னி செலவில்லாமல் டாக்டரைப் பார்க்கலாம் என்று வெளியிலிருந்து பார்த்தால் அரசு ஆஸ்பத்திரி மாதிரிதான் தெரியும். ஆனால் சர்ஜரி என்று அங்கே சொல்லும் அந்தக் கிளினிக், பெரும்பாலும் இரண்டு மூன்று டாக்டர்கள் கூட்டாளிகளாக நடத்தும் ஒரு சிறு தொழில். கட்டடம் அவர்களுடையதாகவோ வாடகைக்கு எடுத்ததாகவோ இருக்கும். ரிசெப்ஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் நர்ஸுக்கும் சம்பளம் கொடுப்பது அவர்கள்தான். லிஸ்டில் எத்தனை பேர் என்பதை வைத்து என்.எச்.எஸ். பணம் கொடுக்கும், செலவு போக மிஞ்சுவது டாக்டரின் வருமானம். 1948இல் சம்பளக்காரர்களாக மாற மாட்டோம் என்று பி.எம்.ஏ. என்ற டாக்டர்கள் சங்கம் பிடித்த பிடிவாதத்தில் வந்த ஏற்பாடு இது, இன்றுவரை நிற்கிறது.

இதை ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், அடுத்து வரும் எல்லாச் சண்டைக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது ஜி.பி. மருந்து எழுதுவது ஜி.பி. அதாவது செலவுக்கான பேனா அவர் கையில் இருக்கிறது, எனவே பட்ஜெட்டையும் அவர் தலையில் கட்டினால் சிக்கனம் தானாக வந்துவிடும் என்று ஒவ்வொரு அமைச்சருக்கும் தோன்றும். கொஞ்ச நாளில், தனியார் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பொதுப்பணத்தைக் கொடுத்து, அதிலிருந்து அவருக்கே அவர் வேலை கொடுத்துக்கொள்ளச் சொல்கிறோமே என்று அதே அரசாங்கத்துக்குப் பயம் வரும். பிறகு கொடுத்ததைத் திரும்ப வாங்குவார்கள். இந்த இரண்டு எண்ணமும் நியாயமானவை, அதுதான் சிக்கல்.

முதல் பரீட்சை 1991இல். மார்கரெட் தாட்சர் ஆட்சியில் சுகாதார அமைச்சர் கென்னத் கிளார்க் போட்ட திட்டப்படி, பெரிய லிஸ்ட் உள்ள கிளினிக்குகள் விரும்பினால் தங்கள் நோயாளிகளுக்கான சில ஆஸ்பத்திரிச் சேவைகளையும் மருந்தையும் வாங்கும் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். ஃபண்ட்ஹோல்டிங் என்று பெயர். மிச்சம் பிடித்தால் அதைக் கிளினிக்கில் செலவு செய்யலாம், கட்டடத்தைக்கூடச் சீர்செய்யலாம். சேர்ந்தவர்களுக்குக் கொண்டாட்டம். அவர்கள் நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரியில் சீக்கிரம் தேதி கிடைத்தது, பக்கத்துத் தெரு டாக்டரின் நோயாளி வரிசையில் காத்திருந்தார் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. 1997இல் டோனி பிளேர் ஆட்சிக்கு வந்தபோது நாட்டில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஃபண்ட்ஹோல்டிங் டாக்டர்களின் லிஸ்டில் இருந்தார்கள். லேபர் கட்சி அதை ஒழிப்போம் என்று சொல்லியே வந்திருந்தது.

1999: பெரும்பான்மை எங்களுக்கு

ஒழித்துவிட்டு என்ன வைப்பது? சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டாப்சன் 1997 டிசம்பரில் வெளியிட்ட வெள்ளை அறிக்கை சொன்ன பதில், பிரைமரி கேர் குரூப். விருப்பப்பட்டவர் மட்டும் என்ற பேச்சே இல்லை, ஒரு பகுதியில் உள்ள எல்லா ஜி.பி.க்களும் அதில் இருந்தாக வேண்டும். சராசரியாக லட்சம் பேருக்கு ஒரு குரூப். 1999 ஏப்ரல் 1 அன்று இங்கிலாந்து முழுக்க 481 குரூப்புகள் ஒரே நாளில் தொடங்கின, ஃபண்ட்ஹோல்டிங் அன்றோடு முடிந்தது.

போர்டில் யார் எத்தனை பேர் என்பதில்தான் பேரம். பி.எம்.ஏ. சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. 1998 ஜூனில், அப்போது டாப்சனின் கீழ் துணை அமைச்சராக இருந்த ஆலன் மில்பர்ன், பி.எம்.ஏ.வின் ஜி.பி. பிரிவுத் தலைவர் ஜான் சிஷோமுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்: விரும்பினால் போர்டில் ஜி.பி.க்களே பெரும்பான்மையாக இருக்கலாம், தலைவர் பதவியும் ஜி.பி.க்கு. அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது. நான்கிலிருந்து ஏழு ஜி.பி.க்கள், ஒன்றிரண்டு நர்ஸ்கள், நகராட்சியின் சமூகப் பணித் துறையிலிருந்து ஒருவர், பொதுமக்களில் ஒருவர், அந்த வட்டாரத்தின் என்.எச்.எஸ். பணத்தை நிர்வகித்த ஹெல்த் அத்தாரிட்டியிலிருந்து ஒருவர், ஒரு தலைமை நிர்வாகி. நர்ஸ்கள் முணுமுணுத்தார்கள், அதில் நியாயம் இருந்தது. கிளினிக்கில் பாதி வேலையைச் செய்பவர்களுக்கு மேசையில் ஓரத்து இடம்தான்.

ஜி.பி.க்கள் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் சட்டப்படி அந்த குரூப், ஹெல்த் அத்தாரிட்டியின் ஒரு துணைக்குழு. ஊழியர் ஒப்பந்தமும் கடைசிக் கையெழுத்தும் அத்தாரிட்டியிடம். போர்டில் பெரும்பான்மை உங்களுக்கு, ஆனால் அந்த போர்டுக்கு மேலே இன்னொரு போர்டு.

ஒரு போர்டு உறுப்பினர் ஜி.பி.யின் வாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்கு கூட்டம். அவர் இடத்தில் உட்கார ஒரு லோக்கம் டாக்டரைப் பிடிக்க வேண்டும், அதற்குக் கொடுக்கும் தொகை பல நேரம் லோக்கம் கேட்கும் தொகைக்குக் காணாது, மிச்சத்தைக் கூட்டாளிகள் சுமக்க வேண்டும். இருபது வருடமாக அவரிடமே வரும் மூதாட்டி, முகம் தெரியாத டாக்டரைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு போவார். கூட்டத்தில் மருந்துச் செலவுத் தாள் வரும். ஒவ்வொரு கிளினிக்கும் எந்த மருந்தை எவ்வளவுக்கு எழுதியது என்று மருந்துச் சீட்டுகளை வைத்துத் தயாரித்த கணக்கு. அதுவரை அந்தத் தாள் அவரவருக்கும் அதிகாரிகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இப்போது பட்ஜெட் பொதுவானது, ஒருவர் விலை கூடிய மருந்தை எழுதினால் மற்றவருக்குக் குறையும். இதே பகுதியில் உங்கள் ஒமெப்ரசோல் என்ற வயிற்றுப்புண் மருந்தின் செலவு மட்டும் ஏன் இவ்வளவு என்று ஒரு டாக்டரை இன்னொரு டாக்டர் கேட்க வேண்டிய நிலை. பதவி என்னவோ தலைவர், வேலை சக டாக்டரின் கையைப் பிடித்து இழுப்பது. இதற்கு முன் அந்தக் கெட்ட பெயர் அதிகாரிகளுக்குப் போனது.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் தனியாளாகக் கிளினிக் நடத்தியவர்கள். அவர்களில் பெரும்பகுதி 1960, 70களில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து வந்த டாக்டர்கள். சென்னையிலும் கொழும்பிலும் படித்துவிட்டு வந்த தமிழர்களும் அதில் உண்டு. ஆஸ்பத்திரியில் மேலே ஏற விடாமல் கதவு மூடியிருந்ததால், வெள்ளைக்கார டாக்டர்கள் போக விரும்பாத சுரங்க ஊர்களிலும் கிழக்கு லண்டன் தெருக்களிலும் ஜி.பி.யாகப் போய் உட்கார்ந்தவர்கள். ஒற்றை டாக்டர் கிளினிக்கில் கூட்டத்துக்குப் போக ஆள் ஏது? அதனால் போர்டு தேர்தல்களில் பெரிய கிளினிக் டாக்டர்களின் கை ஓங்கியது, பிறகு அந்த போர்டுகளே சின்னக் கிளினிக்குகளின் தரம் பற்றிப் பேச ஆரம்பித்தன. தரக்குறைவான சின்னக் கிளினிக்குகள் நிஜமாகவே இருந்தன என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் யார் யாரை அளந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மூன்று வருடம்கூட முழுசாக இல்லை

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. டாப்சன் போனார், மில்பர்ன் அமைச்சரானார். 2000 ஏப்ரலிலேயே முதல் 17 குரூப்புகள் பிரைமரி கேர் டிரஸ்ட், அதாவது பி.சி.டி. என்ற தனி அமைப்புகள் ஆகின. 2002 ஏப்ரலுக்குள் நாடு முழுக்க 303 பி.சி.டி.க்கள், பழைய ஹெல்த் அத்தாரிட்டிகளுக்குப் பதில் 28 பெரிய மண்டல அமைப்புகள். என்.எச்.எஸ். பணத்தில் நான்கில் மூன்று பங்கு பி.சி.டி.க்கள் வழியாகப் போகும் என்றார்கள். இந்த முறை தலைவர் ஜி.பி. கிடையாது. போர்டில் பெரும்பான்மை டாக்டர் அல்லாத வெளியாட்களுக்கு. ஜி.பி.க்களுக்கு பக்கத்தில் ஒரு நிபுணர் செயற்குழு. மில்பர்ன் 1998இல் கடிதத்தில் கொடுத்த பெரும்பான்மையை அதே மில்பர்ன் காலத்தில் அமைப்பு மாற்றமே விழுங்கிவிட்டது. யாரும் வாக்குத் தவறவில்லை என்று சட்ட ரீதியாகச் சொல்லலாம், ஏனென்றால் வாக்குக் கொடுத்தது குரூப்புக்கு, டிரஸ்டுக்கு இல்லை.

அன்றைக்கு ஜி.பி.க்கள் பெரிதாகப் போராடவில்லை. காரணம் எளிது. அப்போது அவர்கள் கவனம் முழுக்க புதிய ஒப்பந்தத்தில் இருந்தது. 2004இல் அது வந்தது: தரத்துக்குப் புள்ளி, புள்ளிக்குப் பணம், மொத்தம் 1,050 புள்ளிகள். இரவு, வார இறுதிப் பொறுப்பை டாக்டருக்கு ஆண்டுக்குச் சுமார் 6,000 பவுண்டு விட்டுக்கொடுத்துக் கைகழுவிக்கொள்ளலாம். அரசாங்கம் எதிர்பார்த்ததைவிட அதிகப் புள்ளிகளை டாக்டர்கள் முதல் வருடமே எடுத்துவிட்டார்கள், வருமானம் எகிறியது, பத்திரிகைகள் கொதித்தன. ஐந்து வருடம் போர்டுகளில் உட்கார்ந்து கிடைக்காதது ஒரே ஒப்பந்தத்தில் கிடைத்தது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு சின்னப் பிரிவு பின்னால் டவர் ஹாம்லெட்ஸைக் கடிக்கப் போகிறது. கிளினிக்குக்கு எவ்வளவு பணம் என்பதைக் கணக்கிடும் சூத்திரம் வயதானவர்களுக்கு அதிக எடை கொடுத்தது. அதை ஓட்டிப் பார்த்தபோது ஏராளமான கிளினிக்குகள் நஷ்டப்படும் என்று தெரிந்தது, அப்படியே விட்டால் ஓட்டெடுப்பில் டாக்டர்கள் ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்திருப்பார்கள். சரி, பழைய வருமானத்துக்குக் குறையாது என்று ஓர் உத்தரவாதத் தொகையைச் சேர்த்து ஓட்டு வாங்கினார்கள். இளம் வயது ஏழைகள் நிறைந்த கிழக்கு லண்டன் கிளினிக்குகள் பல அந்த உத்தரவாதத்தில்தான் ஓடின.

2005 ஜூலை 28, நாடாளுமன்றம் கோடை விடுமுறைக்குக் கலைந்த பிறகு, என்.எச்.எஸ். தலைமை நிர்வாகி நைஜல் கிரிஸ்ப் ஒரு சுற்றறிக்கை விட்டார். பி.சி.டி.க்களை ஒன்றாகச் சேர்த்துக் குறைக்க வேண்டும் என்று. எம்.பி.க்கள் திரும்பி வந்து கத்தினார்கள், ஆனாலும் 2006 அக்டோபரில் 303 என்பது 152 ஆனது. லண்டனில் மட்டும் ஒரு பரோவுக்கு, அதாவது ஒரு நகராட்சிப் பகுதிக்கு, ஒரு பி.சி.டி. என்ற பழைய எல்லையைத் தொடவில்லை.

தொடாமல் விட்டதால் நடந்தது

என் பார்வையில் இந்த ஆய்வின் இதயம் இந்தப் பகுதிதான். டவர் ஹாம்லெட்ஸ் நாட்டின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று, மூன்றில் ஒருவர் வங்காளதேசப் பின்னணி, சர்க்கரை நோய் அதிகம், வீடு மாறுவோர் அதிகம். 2008, 09 வாக்கில் அங்கிருந்த பி.சி.டி. ஒரு முடிவெடுத்தது. 36 கிளினிக்குகளைப் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவையாக நான்கைந்து வீதம் சேர்த்து 8 நெட்வொர்க்குகள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30,000 பேர். நெட்வொர்க்குக்கு ஒரு மேனேஜர், அலுவலக ஆள், தனி பட்ஜெட். சர்க்கரை நோய், தடுப்பூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்புத் தொகுப்பு எழுதி, அதற்கான பணத்தைக் கிளினிக்குக்குக் கொடுக்காமல் நெட்வொர்க்குக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதி முன்பணம். மீதி, நெட்வொர்க் முழுவதும் சேர்ந்து இலக்கை எட்டினால்தான்.

இதன் சூட்சுமம் கடைசி வரியில் இருக்கிறது. என் கிளினிக்கில் 96 சதவீதம் குழந்தைகளுக்கு ஊசி போட்டுவிட்டேன், அடுத்த தெருக் கிளினிக்கில் 70 என்றால் எனக்கும் பணம் வராது. அப்போது அடுத்த தெருக்காரரைப் பற்றிப் புகார் எழுதுவதைவிட, என் ரிசெப்ஷன் ஆளை இரண்டு மதியம் அங்கே அனுப்பி போன் போடச் சொல்வது லாபம். எல்லாக் கிளினிக்குகளும் ஒரே கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு மாறியிருந்தன. குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஒரு குழு, யார் எவ்வளவு முடித்தார்கள் என்ற பட்டியலை அவ்வப்போது எடுத்துக் கொடுத்தது. ஊசிக்கு வராத குழந்தையின் பெயர் அந்தப் பட்டியலில் நிற்கும், யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் பேசும்வரை நிற்கும்.

தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான எம்.எம்.ஆர். ஊசி, 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு கிளப்பிய ஆட்டிசம் புரளிக்குப் பிறகு லண்டன் முழுக்கச் சரிந்து கிடந்தது. டவர் ஹாம்லெட்ஸில் இரண்டு வயதுக்குள் முதல் ஊசி போட்ட குழந்தைகள் 2009 செப்டம்பரில் 80 சதவீதம், 2011 மார்ச்சில் 94. சமூகப் பாதுகாப்புக்குத் தேவை என்று சொல்லப்படும் 95ஐத் தொடும் தூரம். சர்க்கரை நோயிலும் நல்ல முன்னேற்றம். பணக்காரப் பகுதிகள் எட்டாததை ஏழைப் பகுதி எட்டியது.

இதில் யார் தலைவர்? பி.சி.டி.யில் ஜி.பி.க்களுக்குப் பெரும்பான்மையே இல்லாத காலம் அது. திட்டம் போட்டது, பணம் போட்டது, ஒப்பந்தம் எழுதியது பி.சி.டி. செய்தது ஜி.பி.க்கள், நர்ஸ்கள், ரிசெப்ஷன் ஆட்கள். ஒப்பந்தம் எழுதுபவரும் அதில் வேலை செய்பவரும் ஒரே பரோவுக்குள் இருந்தார்கள், பத்து வருடமாக ஒருவரையொருவர் தெரியும், எண்களில் சண்டை வந்தால் போனில் தீர்த்துக்கொண்டார்கள். டாக்டருக்கு நாற்காலி கொடுத்தால்தான் உள்ளூர் மருத்துவம் உருப்படும் என்ற வாதத்துக்கு டவர் ஹாம்லெட்ஸ் நல்ல உதாரணமே கிடையாது. டாக்டரை ஒதுக்கினால் போதும் என்பவர்களுக்கும் கிடையாது, ஏனென்றால் அந்தத் தொகுப்புகளை வடிவமைத்ததில் அங்கத்திய ஜி.பி.க்களின் கை தெளிவாக இருந்தது.

லான்ஸ்லி வந்தார்

2010 மே மாதம் கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கட்சிகள் ஆட்சியமைக்கப் போட்ட கூட்டணி ஒப்பந்தத்தில், என்.எச்.எஸ்.ஸில் மேலிருந்து திணிக்கும் மறுசீரமைப்புகளை நிறுத்துவோம் என்று எழுதியிருந்தார்கள். ஜூலையில் லான்ஸ்லி வெள்ளை அறிக்கை வெளியிட்டார், எல்லா பி.சி.டி.க்களும் எல்லா மண்டல அமைப்புகளும் ஒழிப்பு, பணம் ஜி.பி. கூட்டமைப்புகளுக்கு. இந்த மாற்றம் விண்வெளியிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்று என்.எச்.எஸ். தலைமை நிர்வாகி டேவிட் நிக்கல்சன் சொன்னது அப்போது பிரபலம். அரசியல் வாக்குறுதி இரண்டே மாதத்தில் காணாமல்போவதைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

டவர் ஹாம்லெட்ஸ் நிலையிலிருந்து பாருங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் ஓர் ஏற்பாடு. அதற்குப் பணம் போடும் பி.சி.டி.க்கு மூடுவிழாத் தேதி குறித்தாகிவிட்டது. நெட்வொர்க் ஒப்பந்தங்களை எழுதிய அதிகாரிகள் வேறு வேலை தேட ஆரம்பித்தார்கள். 2011 ஏப்ரலில் எதிர்ப்பு தாங்காமல் அரசாங்கம் மசோதாவை நிறுத்தி வைத்து, ஜி.பி. கல்லூரி என்ற ஜி.பி.க்களின் தொழில் அமைப்பின் முன்னாள் தலைவர் ஸ்டீவ் ஃபீல்டு தலைமையில் கருத்துக் கேட்டது. போர்டில் ஒரு நர்ஸும் ஓர் ஆஸ்பத்திரி டாக்டரும் சேர்க்கப்பட்டார்கள், ஜி.பி. கூட்டமைப்பு என்ற பெயர் கிளினிக்கல் கமிஷனிங் குரூப், சுருக்கமாக சி.சி.ஜி., என்று ஆனது. ஜி.பி. கல்லூரியின் அப்போதைய தலைவர் கிளேர் ஜெராடா கடைசிவரை எதிர்த்தார்.

இந்தப் பின்னணியில்தான் எவரிங்டன் குழுவின் கடிதம். அதன் சாரம் இது: நாங்கள் நோயாளிகளுக்காகச் சேவைகளைத் திட்டமிட்டு வாங்கும் வேலையை விரும்பித்தான் செய்கிறோம், அதற்கு இந்தச் சட்டம் தேவையில்லை, ஓயாமல் கலைத்துக் கலைத்து அடுக்குவது எங்களை வேலையிலிருந்து திசைதிருப்புகிறது. அதுவரை அரசாங்கத்தின் பதில் ஒன்றுதான்: சங்கங்கள் கத்துகின்றன, ஆனால் களத்தில் ஜி.பி.க்கள் குழுக்களில் சேர்ந்துகொண்டிருக்கிறார்களே, அதுவே ஆதரவுதானே என்று. அந்த வாதத்தை அடியோடு கவிழ்த்ததால்தான் ஒரு பரோவின் கடிதம் தேசியச் செய்தியானது. சேர்ந்ததற்குக் காரணம், சேராவிட்டால் தங்கள் எல்லையை வேறு யாரோ வரைவார்கள் என்ற பயம். நானாக இருந்தாலும் சேர்ந்திருப்பேன்.

கடிதத்தால் எதுவும் நிற்கவில்லை. 2012 மார்ச் 27 அன்று சட்டமானது. 2013 ஏப்ரல் 1 அன்று 211 சி.சி.ஜி.க்கள் தொடங்கின, டவர் ஹாம்லெட்ஸ் அதில் ஒன்று, எவரிங்டன் தலைவர். எதிர்த்தவரே பொறுப்பேற்றார் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. அவர் ஒதுங்கியிருந்தால் நெட்வொர்க்குகளுக்காகப் பேச அந்த மேசையில் யார் இருந்திருப்பார்கள் என்று நான் கேட்பேன். நாடு முழுக்க இந்த மாற்றத்துக்கு ஆன செலவு 100 கோடி பவுண்டைத் தாண்டியது. 2024 செப்டம்பரில் முன்னாள் சுகாதாரத் துணை அமைச்சர் லார்டு டார்சி தன் அறிக்கையில் அந்தச் சட்டத்தை உலகில் முன்னுதாரணமே இல்லாத பேரழிவு என்று எழுதினார்.

நாற்காலி இருந்தும் சாவி இல்லை

சி.சி.ஜி.க்கு ஆஸ்பத்திரி வாங்கும் பணம் வந்தது. ஜி.பி. ஒப்பந்தம் வரவில்லை. ஜி.பி.க்களே ஜி.பி.க்களுக்கு ஒப்பந்தம் கொடுப்பது முறையல்ல என்று, அதை என்.எச்.எஸ். இங்கிலாந்து என்ற புதிய தேசிய அமைப்பு வைத்துக்கொண்டது. காகிதத்தில் சரியான முடிவு. 2014 ஏப்ரலிலிருந்து, 2004இல் ஓட்டு வாங்கக் கொடுத்த அந்த உத்தரவாதத் தொகையை ஏழு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டப்போகிறோம் என்று வந்தபோதுதான் அதன் அர்த்தம் டவர் ஹாம்லெட்ஸுக்கு உறைத்தது. மிக அதிகம் இழக்கும் 98 கிளினிக்குகளை என்.எச்.எஸ். இங்கிலாந்து அடையாளம் கண்டது. டவர் ஹாம்லெட்ஸின் ஜூபிலி ஸ்ட்ரீட் கிளினிக் தாங்கள் மூட வேண்டி வரும் என்று வெளிப்படையாகச் சொன்னது, டாக்டர்களும் நோயாளிகளும் சேர்ந்து தெருவில் ஊர்வலம் போனார்கள்.

நோயாளிகளுக்கு இது விளங்கவே இல்லை. உள்ளூர் சுகாதாரப் பணத்துக்குத் தலைவர் ஓர் உள்ளூர் ஜி.பி., பிறகு எப்படி உள்ளூர் கிளினிக் மூடும் நிலைக்கு வருகிறது? ஏனென்றால் அவர் கையிலிருக்கும் நிதியில் இந்தப் பணம் இல்லை. பி.சி.டி. காலத்தில் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அப்போது ஜி.பி.க்குப் பெரும்பான்மை இல்லை, ஆனால் நெட்வொர்க்குக்குப் பணம் போடவும் தடுமாறும் கிளினிக்கைத் தூக்கிவிடவும் ஒரே ஆளிடம் பேசினால் போதும்.

2015இலிருந்து ஒப்பந்தப் பொறுப்பைச் சி.சி.ஜி.க்களுக்கே படிப்படியாகத் திருப்பிக் கொடுத்தார்கள், கூடவே நிபந்தனைகள்: அந்தக் குழுவுக்குத் தலைவர் ஜி.பி.யாக இருக்கக் கூடாது, பெரும்பான்மையும் டாக்டர் அல்லாதவர்களுக்கு. ஜி.பி.க்கு நேரடி லாப நஷ்டம் உள்ள விஷயம் வந்தால் அவர் ஓட்டுப் போடக் கூடாது, சில சமயம் அறையைவிட்டே வெளியேற வேண்டும். ஊழலைத் தடுக்க வேறு வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக் கணக்கு பேசும்போது டாக்டர் உள்ளே, டாக்டர் கிளினிக்குகளைப் பற்றிப் பேசும்போது டாக்டர் வெளியே. எந்த விஷயத்தில் அவருக்கு விவரம் அதிகமோ அதில் அவர் காரிடாரில்.

பிறகு எல்லைகளும் போயின. 2019 ஜூலையில் நாடு முழுக்க பிரைமரி கேர் நெட்வொர்க்குகள், ஒவ்வொன்றுக்கும் 30,000 முதல் 50,000 பேர், பார்மசிஸ்ட், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்களை எடுக்கப் பணம். டவர் ஹாம்லெட்ஸ்காரர்களுக்கு எங்கேயோ பார்த்த முகம்தான். ஒரு வித்தியாசம்: அங்கே ஒரு பரோவின் தேவையைப் பார்த்து எழுதியதை, இங்கே தேசியத் தலைமையகத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி எழுதினார்கள். அந்த டிசம்பரில் வந்த வேலைப்பட்டியல் வரைவைப் பார்த்து ஜி.பி.க்கள் கொதித்ததில் சில மாதங்களில் அதைச் சுருக்க வேண்டியதாயிற்று. டாக்டர் பற்றாக்குறை என்று நாடே புலம்பியபோது அந்தப் பணத்தில் ஜி.பி.யை எடுக்கக் கூடாது என்ற விதி 2024 வரை நீடித்தது, வேலை கிடைக்காத இளம் ஜி.பி.க்கள் ஊரில் இருக்கும்போதே.

2021 ஏப்ரலில் டவர் ஹாம்லெட்ஸ் சி.சி.ஜி., பக்கத்து ஆறு சி.சி.ஜி.க்களோடு சேர்ந்து வடகிழக்கு லண்டன் சி.சி.ஜி. ஆனது. 2022 ஜூலை 1 அன்று அதுவும் போய் ஐ.சி.பி. என்ற இன்டக்ரேட்டட் கேர் போர்டு. நாட்டுக்கே 42 போர்டுகள், வடகிழக்கு லண்டனுக்கு ஒன்று, அதன் கீழ் சுமார் 20 லட்சம் பேர். நம் ஆட்கள் நிறைய இருக்கும் ஈஸ்ட் ஹாமும் இல்ஃபோர்டும் அதற்குள்தான் வருகின்றன. ஆரம்பநிலை மருத்துவத்தின் சார்பில் போர்டில் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். 1999இல் பெரும்பான்மை, 2022இல் குறைந்தது ஒருவர். லட்சம் பேருக்கு ஒரு குரூப் என்று ஆரம்பித்தது 20 லட்சத்தில் வந்து நிற்கிறது. குழு சின்னதாக இருந்தால் ஆஸ்பத்திரியோடு பேரம் பேசப் பலம் இல்லை என்று பெரிதாக்குகிறார்கள். பெரிதானதும் தெருவில் நடப்பது தெரியவில்லை என்று அடியில் புதிதாக ஒரு சின்னக் குழுவைத் தொடங்குகிறார்கள்.

2025 மார்ச்சில் கீர் ஸ்டார்மர் என்.எச்.எஸ். இங்கிலாந்தையே கலைக்கப்போவதாக அறிவித்தார், ஐ.சி.பி.க்கள் தங்கள் நிர்வாகச் செலவைப் பாதியாக வெட்டச் சொல்லப்பட்டன, பல ஐ.சி.பி.க்கள் மறுபடி ஜோடி சேர ஆரம்பித்தன. ஜூலையில் வந்த பத்தாண்டுத் திட்டத்தின் மந்திரச் சொல் அக்கம்பக்க மருத்துவம். இரண்டு புதிய வகை ஒப்பந்தங்கள் வரும் என்று அதில் இருந்தது, ஒன்று சுமார் 50,000 பேருக்கு, மற்றது இரண்டரை லட்சம் பேருக்கு மேல். போர்டில் ஜி.பி. எத்தனை பேர் என்று இந்த முறை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கும், ஜி.பி. கூட்டமைப்பு எடுக்குமா, பக்கத்து ஆஸ்பத்திரி டிரஸ்ட் எடுக்குமா, பழைய லிஸ்ட் ஒப்பந்தம் அப்படியே தொடருமா என்றுதான் கேட்கிறார்கள். இருபத்தாறு வருடம் தாமதமாக, சரியான கேள்வி.